‘பாதியில் விலகினால் போலீஸில் கொடுப்போம்’ என்கிறார்கள்: நான் என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் மேடம். திருப்பூரில் பின்னலாடைகளுக்குக் கணினியில் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான அளவு வரைபடம்) போட்டுக் கொடுக்கும் வேலை செய்கிறேன். ஓர் ஏற்றுமதி நிறுவனத்தோடு ‘ஆலோசகர்’ என்ற பெயரில் 24 மாத ஒப்பந்தம், மாதம் 70,000 ரூபாய். இதுவரை 10 மாதம் முடிந்திருக்கிறது. 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து நிறுவனம் என்னை நீக்கலாம். நான் விலகுவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இடையில் விலகினால் மூன்று மாதக் கட்டணமான 2,10,000 ரூபாய் தர வேண்டும், ஒப்பந்த காலத்தில் வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது, முடிந்த பிறகும் ஓராண்டுக்குத் திருப்பூர், கோவை மாவட்டங்களில் எந்தப் பின்னலாடை நிறுவனத்துக்கும் வேலை செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை ஒன்றும் அவர்களிடம் இருக்கிறது. கடைசி இரண்டு பில்கள், 1,40,000 ரூபாய், இன்னும் வரவில்லை. இப்போது பெங்களூரு நிறுவனம் ஒன்று வீட்டிலிருந்தே செய்யும் வேலை தருவதாகச் சொல்கிறது. விலகப் போகிறேன் என்று மேலாளரிடம் சொன்னதற்கு, ‘420 கேஸ் போடுவோம்’ என்கிறார். நாளையிலிருந்து போகாமல் நின்றுவிடலாமா? ஒப்பந்தத்தின் நகலை இணைத்திருக்கிறேன். — பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நாளைக்கும் வேலைக்குப் போங்கள். நாளை மறுநாளும் போங்கள். காரணம் உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதற்குச் சற்றுப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 420 பயத்தை இறக்கி வைப்போம். ஊரே 420 என்று சொல்லும் அந்தப் பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆம் பிரிவாக மாறிவிட்டது. மிரட்டுகிறவர்கள்தான் இன்னும் பழைய எண்ணிலேயே இருக்கிறார்கள். எண் எதுவானாலும், மோசடி என்று சொல்ல வேண்டுமானால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். பத்து மாதம் வேலை செய்து, பில் போட்டு, பணத்துக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு அந்த எண்ணம் இருந்தது என்று எந்தக் காவல் நிலையத்திலும் எளிதில் எழுதிவிட முடியாது. ஒப்பந்தத்தை மீறுவது மட்டுமே மோசடி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லி, அதன் பிறகும் பலமுறை அதையே சொல்லி வந்திருக்கிறது. இது பணக் கணக்கு சம்பந்தப்பட்ட உரிமையியல் விவகாரம். காவல் நிலையத்திலிருந்து யாராவது தொலைபேசியில் அழைத்தால் பதறாமல் ‘எழுத்து மூலம் அனுப்புங்கள், வழக்கறிஞருடன் வருகிறேன்’ என்று சொல்லுங்கள்.

அதேபோல, மீதி 14 மாதமும் நீங்கள் வேலை செய்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. ஒருவருடைய தனிப்பட்ட திறமையை நம்பிய ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்பது 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. பேட்டர்ன் போடுவது கைத்திறன். மனமில்லாதவர் கையில் அளவு தவறும் என்பது நீதிபதிக்கும் தெரியும். ஆகவே நீங்கள் விலகலாம். விலகுவதற்கு என்ன விலை, அதை யார் தருவது என்பது மட்டும்தான் மிச்சமிருக்கும் பிரச்சினை.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம். விலகுவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 11ஆம் பத்தியை மறுபடி படியுங்கள். எந்தத் தரப்பாவது முக்கிய நிபந்தனை ஒன்றை மீறி, அதை எழுத்து மூலம் சுட்டிக்காட்டிய பிறகும் 15 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், மற்றத் தரப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று அங்கே இருக்கிறது. ‘எந்தத் தரப்பாவது’ என்பதில் நீங்களும் அடக்கம். 5ஆம் பத்தி, பில் கொடுத்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. உங்கள் இரண்டு பில்களுமே அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டன. செய்த வேலைக்குப் பணம் தருவதைவிட முக்கியமான நிபந்தனை ஓர் ஆலோசகர் ஒப்பந்தத்தில் வேறு என்ன இருக்க முடியும்?

இதை எழுதியவர் இப்படி யோசித்திருக்க மாட்டார். எங்கிருந்தோ நகலெடுத்த ஒப்பந்தம் இது என்பது பார்த்த உடனே தெரிகிறது. இரண்டு தரப்பும் திருப்பூரில் இருக்க, ‘டெல்லி நீதிமன்றங்களுக்கே அதிகாரம்’ என்று 16ஆம் பத்தி சொல்கிறது. சட்டப்படி அதிகாரமே இல்லாத ஒரு நீதிமன்றத்துக்கு இரு தரப்பும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும் அதிகாரம் வந்துவிடாது. டெல்லிக்கு ரயில் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

நாளைக்கும் போங்கள் என்று சொன்னது 11ஆம் பத்தியால்தான். இன்றைய நிலையில் ஒப்பந்தத்தை மீறி நிற்பவர்கள் அவர்கள். நீங்கள் வேலையை நிறுத்திய அந்த நாளில் நிலைமை தலைகீழாகும். ‘பில் தாமதமானது உண்மை, ஆனால் அவர் ஓடிவிட்டார்’ என்று பேச்சு மாறும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 39ஆம் பிரிவின்படி, ஒரு தரப்பு முழுவதுமாகச் செய்ய மறுத்தால் மறு தரப்பு ஒப்பந்தத்தை முடித்துவிட்டு நஷ்டஈடு கேட்கலாம். விலகப் போவதாக நீங்கள் வாய்விட்டுச் சொல்லிவிட்டதால், அதையே மறுப்பு என்று காட்டவும் பார்ப்பார்கள். அதனால் இனி எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் ‘நான் வேலையைத் தொடர்ந்து செய்து வருகிறேன்’ என்ற ஒரு வாக்கியம் இருக்கட்டும். அது உண்மையாகவும் இருக்கட்டும்.

இந்த வாரமே ஒரு கடிதம் அனுப்புங்கள். மிரட்டும் தொனி வேண்டாம், நீளமும் வேண்டாம். ‘இன்ன தேதியிட்ட, இன்ன எண்ணுள்ள இரண்டு பில்களுக்கு உரிய 1,40,000 ரூபாய் ஒப்பந்தத்தின் 5ஆம் பத்தியில் சொன்ன கெடுவுக்குள் வரவில்லை. இது 11ஆம் பத்தியின்படியான அறிவிப்பு. 15 நாளுக்குள் தொகையைச் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தப்படியான என் வேலையைத் தொடர்ந்து செய்து வருகிறேன்.’ இவ்வளவு போதும். பெங்களூரு வேலையைப் பற்றியோ மேலாளர் பேசியதைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம். ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்குப் ஸ்பீடு போஸ்டில், கொடுத்ததற்கான ஒப்புகையோடு அனுப்பி, அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பி, இரண்டு நீல டிக் வந்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள்.

15 நாள் கடந்தும் பணம் வராவிட்டால், ஒரு வரிக் கடிதத்தில் 11ஆம் பத்தியின்படி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அப்போது நீங்கள் ‘இடையில் விலகியவர்’ ஆக மாட்டீர்கள். அவர்களுடைய மீறலால் முடித்துக்கொண்டவர். 2,10,000 ரூபாய்ப் பேச்சுக்கே அங்கே இடம் குறைவு.

அவர்கள் 14ஆம் நாள் பணத்தைப் போட்டுவிட்டால் இந்தக் கதவு மூடிக்கொள்ளும். அப்படி நடக்கத்தான் வாய்ப்பு அதிகம். வழக்கறிஞர் வாசனை அடிக்கும் கடிதம் போனதும் கணக்குப் பிரிவுக்குத் திடீரென்று நினைவு வரும். நடந்தால் நல்லதுதான். நிலுவை கைக்கு வந்துவிடும், பிறகு நேரடியாகப் பேசி விலகும் வழிக்குப் போகலாம்.

அந்த வழியில்தான் மூன்று மாதக் கட்டணம் வந்து குறுக்கே நிற்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பது இங்கே முக்கியம். ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதிவிட்டால் அந்தத் தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும். எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பு. டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982இல் ஏலம் விட்ட ஒரு மனைக்கு வாங்கிய 78 லட்சம் ரூபாய் முன்பணத்தைப் பறிமுதல் செய்தது. அதே மனை 1994இல் 11 கோடியே 78 லட்சத்துக்குப் போனது. நஷ்டமே ஏற்படாதபோது முன்பணத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டு, அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு அது.

‘அப்படியானால் ஒரு பைசாவும் தர வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நஷ்டத்தைக் கணக்கிட்டு நிரூபிப்பது கடினமான வகை வேலைகளில், இரு தரப்பும் முன்கூட்டி ஒத்துக்கொண்ட தொகை நியாயமாக இருந்தால் அதையே தரச் சொல்லலாம் என்று 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 2025 மே மாதம், மூன்றாண்டு முடியும் முன்பே வேறு வங்கிக்குப் போன ஒரு பொதுத்துறை வங்கி அதிகாரி கட்டிய 2 லட்சம் ரூபாய் செல்லும் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுத்துறை வங்கி ஆள் எடுப்பதற்கு ஆகும் செலவையும் காலத்தையும் அதற்குக் காரணமாகக் காட்டியது. உங்கள் நிறுவனம் உங்களை எடுக்க விளம்பரம் கொடுத்துத் தேர்வு வைக்கவில்லை, பயிற்சியும் தரவில்லை. தெரிந்தவர் மூலம் கூப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் அந்தத் தீர்ப்பை அவர்களுடைய வழக்கறிஞர் நிச்சயம் எடுத்து வைப்பார்.

திருப்பூரில் உண்மையான நஷ்டம் எப்படி வரும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சைஸ் செட் சாம்பிளுக்கு (எல்லா அளவிலும் தைத்த மாதிரிகளுக்கு) பையரின், அதாவது வெளிநாட்டு வாடிக்கையாளரின், ஒப்புதல் வாங்க வேண்டிய நேரத்தில் பேட்டர்ன் கோப்பு இல்லை என்றால் வெட்டுவது தள்ளும், தையல் தள்ளும், கடைசியில் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். அந்த வித்தியாசத்தை இன்வாய்ஸோடு கொண்டுவந்து நீதிமன்றத்தில் வைத்தால் அது நிரூபிக்கப்பட்ட நஷ்டம். 74ஆம் பிரிவின் உச்ச வரம்பைக் காட்டி நாம் வாதாடலாம். ஆனால் அந்த நிலைக்கே போகாமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களின் கிரேடிங் (ஒரு பேட்டர்னை மற்ற அளவுகளுக்கு மாற்றுவது) வரை முடித்துக் கொடுங்கள். நிறுவனத்துக்கும் ஒரு கடமை உண்டு: நஷ்டத்தைக் குறைக்கத் தங்களால் முடிந்ததை அவர்கள் செய்திருக்க வேண்டும் என்று 73ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. பேட்டர்ன் போடத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊரில், நீங்கள் 60 நாள் அவகாசம் கொடுத்தும் (அதைத்தான் கொடுக்கச் சொல்லப் போகிறேன்) மாற்று ஆள் கிடைக்கவில்லை என்றால் கேட்பவர் சிரிப்பார். முடிந்தால் நீங்களே இரண்டு பெயரைச் சொல்லுங்கள்.

நிலுவை வராமலேயே பேச்சு நடந்தால், ஒரு சிறு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்கக்கூடிய உச்சத் தொகை 2,10,000. உங்களுக்குத் தர வேண்டியது 1,40,000. மிக மோசமான முடிவிலும் இடையில் நிற்பது 70,000, அதாவது ஒரு மாதக் கட்டணம். அதற்காக வழக்கு நடத்த உங்களுக்கும் கட்டுப்படியாகாது, அவர்களுக்கும் ஆகாது. மேலாளர் குரலை உயர்த்தும்போது இந்த எண் உங்களுக்குத் துணையாக இருக்கும்.

உங்களிடம் இன்னொரு பிடியும் இருக்கிறது, அதை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. வங்கிக் கடனுக்காக ஒப்பந்தத்துக்கு முன்பே உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எடுத்ததாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழில் முனைவோரின் பில்லுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. இதற்கான மனுவை இணையவழியில் கொடுக்கலாம். உங்கள் பகுதிக்குரிய வசதியாக்க மன்றம் விசாரிக்கும். போதாததற்கு, இப்படி நிறுத்தி வைத்த தொகையை அது உண்மையில் செலுத்தப்படும் வரை செலவாகக் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் 2023-24 நிதியாண்டிலிருந்து விதி வந்துவிட்டது. மேலாளருக்கு இது தெரியாமல் இருக்கலாம், அவர்களுடைய ஆடிட்டருக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கடிதத்தில் உத்யம் எண்ணைக் குறிப்பிடுங்கள், விளக்கம் எதுவும் வேண்டாம். கூடவே வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, அந்த இரண்டு பில்களுக்கும் டிடிஎஸ் (பணம் தருபவரே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடித்துக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கட்டியிருந்தால், பில்லைத் தங்கள் கணக்கில் ஏற்றிக்கொண்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. ‘வேலை சரியில்லை, அதனால் நிறுத்தினோம்’ என்று பிறகு சொல்வது கடினம்.

வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது என்ற தடைகள் இரண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தம் முடிந்த பிறகான ஓராண்டுத் தடை ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அவரைப் பிடித்து வைக்க நினைத்த நிறுவனத்துக்கு 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதிலும் இதுதான். அந்தப் பத்தியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும் காலத்துத் தடை வேறு வகை. 1967இல், ஐந்தாண்டு ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டுப் போட்டி நிறுவனத்தில் சேர்ந்த ஒருவரை, மீதிக் காலத்துக்கு அந்த வேலையைச் செய்யக் கூடாது என்று தடுத்த உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நாளையிலிருந்து நின்றுவிட்டு அடுத்த வாரம் பெங்களூரு நிறுவனத்துக்கு முதல் கோப்பை அனுப்பினால், நீங்கள் வந்து நிற்பது ஏறக்குறைய அந்த இடத்தில்தான். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பதற்கு எழுத்து இருந்தால் இந்த ஆபத்து இல்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த வெற்றுக் காசோலை. 420 என்பது வெறும் சத்தம், காசோலை அப்படியல்ல. தொகையும் தேதியும் நிரப்பி வங்கியில் போட்டு, அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் குற்றவியல் வழக்குப் போடலாம். ‘தொகையை நிரப்பியது நான் இல்லை’ என்பது தற்காப்பு ஆகாது; வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் சட்டத்தின் அனுமானம் காசோலை வைத்திருப்பவர் பக்கமே என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கணக்கை மூடினாலும், பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு எழுதினாலும் அந்தப் பிரிவு பொருந்தும். உங்களுக்கு உள்ள தற்காப்பு ஒன்றே: காசோலையை வங்கியில் போட்ட நாளில் அவ்வளவு தொகை சட்டப்படி நீங்கள் தர வேண்டியதாக இருக்கவில்லை என்று காட்டுவது. அதற்கு எழுத்து வேண்டும். ஆகவே இரண்டாவது கடிதம் ஒன்றில், ‘இன்ன எண்ணுள்ள காசோலை, தொகையும் தேதியும் நிரப்பாமல், ஒப்பந்தத்துக்குப் பிணையாக மட்டும் கொடுக்கப்பட்டது, இன்றைய தேதியில் நான் உங்களுக்குத் தர வேண்டிய கடன் எதுவும் இல்லை, மாறாக எனக்கு வர வேண்டிய நிலுவை இருக்கிறது’ என்று பதிவு செய்யுங்கள். ஒருவேளை காசோலை திரும்பி, அவர்களிடமிருந்து நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் பதில் போயாக வேண்டும். தபால்காரர் கொண்டுவரும் உறையை வாங்க மறுப்பது நம் ஊரில் பரவலான தந்திரம். இந்த விஷயத்தில் அது உங்களைத்தான் சுடும்.

காலை 9 மணிக்கு விரல்ரேகை வைக்க வேண்டும், விடுப்புக்கு அனுமதி வாங்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயர் ஆலோசகர் என்று இருந்தாலும் நிஜத்தில் ஊழியர் என்று வாதிட இடம் இருக்கிறது. யாருடைய கட்டுப்பாட்டில் வேலை நடக்கிறது என்று பார்ப்பது நீதிமன்றங்களின் நீண்ட நாள் வழக்கம். வருங்கால வைப்பு நிதிவரை நீளக்கூடிய தனிப் போராட்டம் அது. குறு நிறுவனம் என்ற உங்கள் பில் வாதத்துக்கு நேர் எதிரானதும்கூட. இரண்டையும் ஒரே கடிதத்தில் வைக்க முடியாது. இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள்.

பேச்சு வார்த்தைக்கு மேலாளரிடம் போக வேண்டாம், முதலாளியிடம் நேரில் போங்கள். வெறுங்கையோடு போகாமல், கையில் இருக்கும் ஸ்டைல்களின் (ஆடை வடிவங்களின்) பட்டியல், எது எந்தத் தேதிக்குள் முடியும், யார் வந்து பொறுப்பேற்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 60 நாள் தருகிறேன், ஓடும் ஆர்டர்களை முடித்துத் தருகிறேன், அபராதம் வேண்டாம் என்று கேளுங்கள். மறுத்தால் 15 நாள் கட்டணம் வரை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கணிப்பு. அதற்கு மேல் போகாதீர்கள். அந்த 60 நாளுக்கான பில்லையும் கடைசியில் மொத்தமாகப் போடாமல் 15 நாளுக்கு ஒன்றாகப் போடுங்கள். ஒத்துக்கொண்டால் அன்றே இரண்டு தரப்பும் கையெழுத்திடும் ஒரு முடிவுக் கடிதம் தேவை. ஒப்பந்தம் இன்ன தேதியோடு முடிகிறது, நிலுவை இவ்வளவு, இன்ன நாளுக்குள் தரப்படும், காசோலை திருப்பித் தரப்பட்டது, இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்பவை அதில் இருக்க வேண்டும். உரிமையை விட்டுக்கொடுத்துத் தீர்த்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இடம் தருகிறது. காசோலையைக் கையில் வாங்காமல் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தொலைந்துவிட்டது என்றால், அதைப் பயன்படுத்த மாட்டோம் என்று நிறுவன முத்திரையோடு எழுதி வாங்குங்கள்.

கோப்புகளை ஒப்படைக்கும்போது மூலக் கோப்பு, அளவுப் பட்டியல், பையர் அனுப்பிய டெக் பேக் (ஆடையின் அளவு, துணி விவரக் குறிப்பு) எல்லாவற்றையும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உங்கள் மடிக்கணினியில் நகல் வைத்துக்கொள்ள வேண்டாம். 8ஆம் பத்தியின்படி செய்த வேலை முழுவதும் அவர்களுடையது. தவிர, பழைய பையரின் பேட்டர்ன் புதிய இடத்தில் தென்பட்டால் இதுவரை சொன்ன எல்லாப் பாதுகாப்பும் போய்விடும்.

பெங்களூரு நிறுவனத்திடம், முடிவுக் கடிதம் கைக்கு வந்த பிறகே தொடங்க முடியும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். குறைந்தது இரண்டு மாதம் கேளுங்கள். காத்திருக்க மாட்டோம் என்றால், மின்னஞ்சலில் சம்மதம் தெரிவிக்கும் முன் எனக்கு எழுதுங்கள். அவர்கள் அனுப்பும் புதிய ஒப்பந்தத்தில், 30 நாள் முன்னறிவிப்பில் நீங்களும் விலகலாம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். காசோலை கேட்டால் கொடுக்காதீர்கள்.